ஹாப்ஸ் தானியம் அல்ல, பூ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் வந்த, "அமெரிக்கப் பீர் தண்ணி அல்ல, தண்ணீர்" என்ற வரியைப் படித்து நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பதினோரு நாள் பயணத்தில் விமான நிலையத்திலும் விடுதி அறையிலும் கிடைத்த இரண்டு பெருநிறுவனப் புட்டிகளைத் தவிர வேறெதையும் கட்டுரையாளர் சுவைத்துப் பார்க்கவில்லை என்பது, சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அந்த அவப்பெயர் பொய் என்று நான் வாதிடவில்லை. அது வந்த வழி தாங்கள் அறியாததன்று. 1870களில் 4,000க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்த நாட்டில், 1920 முதல் 1933 வரை நடப்பிலிருந்த மதுவிலக்கு சிறு ஆலைகளைத் துடைத்தெடுத்தது. பிழைத்தவற்றில் பலவற்றைப் பெரிய நிறுவனங்கள் விழுங்கின. 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சியிருந்தன, அவற்றிலும் பெரும்பாலானவை அரிசியோ சோளமோ சேர்த்துக் கசப்பைக் குறைத்த, லாகர் என்னும் வெளிறிய பீரையே வடித்தன. விற்பனை அளவில் இன்றும் அதற்கே பெரும்பங்கு. ஆனால், அது ஒன்றுதான் அங்கே உண்டு என்று எழுதுவதற்கான காலம் போய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் பீர் வடிப்பதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் சியரா நெவாடா ஆலை தொடங்கியது. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ். ஓரிகன் மாநிலத்தில் அரசு ஆய்வாளர்கள் உருவாக்கி 1972இல் வெளியிட்ட கேஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகையைக் கொண்டு, பம்பளிமாஸ் தோலின் மணம் வீசும் 'பேல் ஏல்' என்னும் ஆங்கிலேய வகைப் பீரை அந்த ஆலை வடித்தது. அன்று ஆங்கிலேயரிடம் கற்றதை இன்று ஆங்கிலேயரே அமெரிக்கர்களிடம் கற்கிறார்கள். ஆலைகளின் எண்ணிக்கை 9,000ஐத் தாண்டிவிட்டது.

நான் போர்ட்லண்டில் இருபத்தொரு ஆண்டுகளாக வாழ்கிறேன். பணி ஓய்வு பெற்ற என் பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்துமிடத்தில் மாதம் ஒரு முறை அடுப்பை மூட்டும்போது, முளைகட்டிய பார்லி கொதிக்கும் வாசனை எங்கள் கூடம் வரை வரும். மியூனிக்கில் வேலை பார்க்கும் என் மைத்துனர், முதல் நாள் தங்கள் கட்டுரையாளரைப் போலவே பேசியவர், ஊர் திரும்பும்போது துணிகளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பெட்டி நிறையப் பீர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு போனார். அத்துணிகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

அமெரிக்கப் பீரைத் தங்கள் இதழ் இப்படிக் கேலியாக நடத்துவது இது முதல் முறையும் அன்று. மூடப்படும் நிலையிலிருந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை 1965இல் ஃபிரிட்ஸ் மேட்டேக் என்னும் இளைஞர் வாங்கிக் காப்பாற்றியதிலிருந்துதான் இந்த மறுமலர்ச்சியைப் பலரும் கணக்கிடுகிறார்கள். பின்னர் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போன அவ்வாலை 2023இல் உற்பத்தியை நிறுத்தியபோது மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். அது இரண்டு வரியாகச் சுருங்கி, 'வாசகர் குறும்பு' பகுதியில், தள்ளாடும் மனிதரின் கேலிச்சித்திரத்துக்குக் கீழே வெளியானது. அதற்கு முன்பு வந்த ஐரோப்பியச் சிறப்பிதழிலோ பெல்ஜிய மக்களின் பீர் ரசனைக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். இம்முறை 'அமெரிக்க ரசனை' என்ற தலைப்புடன் தாங்கள் படம் போட்டிருக்கும் பட்வைசர் புட்டி, 2008 முதல் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவருமா கவனிக்கவில்லை?

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கோரவில்லை. 34ஆம் பக்கத்தில் "ஹாப்ஸ் என்னும் தானியம்" என்று அச்சாகியிருக்கிறது. அது கொடியில் பூக்கும் பூ. அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளையும், வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில், செப்டம்பர் தொடக்கத்தில் காரின் கண்ணாடியை இறக்கினாலே மணத்தில் அது தெரிந்துவிடும். 'தானியம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமில்லையெனில் இக்கடிதத்தை வெளியிட வேண்டாம். குறும்புப் பகுதியில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
போர்ட்லண்ட், ஓரிகன்