அந்தச் சின்னப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

பழைய ஹவாய் இசைத் தொகுப்புகளின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றைச் செயலிகளில் ஓடவிடுபவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சிடி கிடைத்தது. மேலாக இருந்தது ஹவாய் கிடார்க் கலைஞர் ரே கானேயின் 'புனஹேலே'. அதற்கடியில் அதே வகைக் கிடார் வாசித்த சன்னி சில்லிங்வொர்த்தின் 'சன்னி சோலோ'. இரண்டும் 1994-இல் வந்தவை, அந்த வருடமே சில்லிங்வொர்த் இறந்தும் போனார். சிடி பிளேயர் எப்போதோ செத்துவிட்டது என்பதால் போனில் தேடினேன். இருந்தது. ஒலியும் நன்றாகவே இருந்தது, அதற்கு முதலில் நன்றி.

சிடியோடு வந்த சின்னப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து, நடுத்தாள் கழன்று கையோடு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் கிடார் எந்தச் சுருதியில் கட்டப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. இது என்ன பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பெரிய விஷயம்தான். 1830-களில் கலிபோர்னியா, மெக்சிகோ பக்கமிருந்து மாடு மேய்க்கக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் கிடாரைக் கொண்டுவந்தார்கள். ஹவாய்க்காரர்கள் அதன் கம்பிகளைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி தளர்த்திக் கட்டிக்கொண்டார்கள். இந்த வாசிப்புக்கு அவர்கள் வைத்த 'கீ ஹோஅலு' என்ற பெயருக்கே, கம்பியை இறுக்கும் முடுக்கைத் தளர்த்துவது என்றுதான் அர்த்தம். எல்லோருக்கும் தெரிந்தது தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி என்று மேற்கத்திய சுரங்களில் வரும் 'டாரோ பேட்ச்' சுருதி. அதைத் தாண்டி எத்தனையோ உண்டு, ஊறுகாய்ப் பக்குவம் மாதிரி வீட்டைவிட்டு வெளியே போகாமல் காப்பாற்றினார்கள். பியானோக் கலைஞர் ஜார்ஜ் வின்ஸ்டன் தன் 'டான்சிங் கேட்' நிறுவனத்துக்காக இந்தப் பெரியவர்களை ஒலிப்பதிவு செய்தபோது சுருதிகளையும் அச்சிட்டுக் கொடுத்தார். நான் தேடிய செயலியில் தலைப்பு, பெயர், இத்தனை நிமிடம், அவ்வளவுதான்.

சரி, சுருதி வாசிப்பவர்களுக்கு, பாட்டின் சொற்கள் எல்லோருக்கும்தானே? இன்னொரு கிடார்க் கலைஞரான கேபி பஹினுயி 1946-இல் பதிவு செய்த 'ஹிஇலவே'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிஇலவே என்பது ஹவாயில் 'பெரிய தீவு' என்று சொல்லும் தீவின் வாய்பியோ பள்ளத்தாக்கில் விழும் ஓர் அருவி. வாய்பியோவில் எங்கும் கீச்சிடும் பறவைகளிடமிருந்து தப்பித்தேன் என்று ஒரு வரி வருகிறது. பறவை என்றால் பறவை அல்ல, ஊர் வாய். இப்படி உள்ளே ஒளித்துச் சொல்வதை அவர்கள் 'கவோனா' என்கிறார்கள். சங்கப் பாட்டில் அலரும் உள்ளுறையும் படித்து வளர்ந்த எனக்கு இது புரிந்த நிமிடத்தில் உடம்பு சிலிர்த்தது. பொருள் தெரியாதபோது அருமையான கிடார், இனிமையான குரல், அதோடு சரி.

இன்னொன்று. ஹவாய் மொழியில் தொண்டையில் சட்டென்று நிறுத்தும் ஒலிக்கு ஒரு குறி உண்டு, நெடிலுக்கு மேலே கோடு உண்டு. இரண்டையும் நீங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறீர்கள். 'பவு' என்றால் முடிந்தது, 'பாஊ' என்றால் பாவாடை (உடனே உறவு கொண்டாட வேண்டாம், தற்செயல்). குறியை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டல். மழை, மலை இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது நம்மிடம் சொன்னால் சும்மா இருப்போமா? ஹவாயின் அரசியை ஆட்சியிலிருந்து கவிழ்த்து மூன்றே வருடத்தில், 1896-இல், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில்தான் பாடம் என்று சட்டம் போட்டு ஒடுக்கிய மொழி அது. மறுபடி ஆட்சிமொழியானது 1978-இல். நடுவில் அந்த மொழியைக் காதில் விழ வைத்துக்கொண்டிருந்ததில் இந்தப் பாட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு, அதைப் போய் மழைச் சத்தத்துக்கும் குக்கூ ஒலிக்கும் நடுவே 'தூக்கத்துக்கு' என்ற பட்டியலில் செருகி வைத்திருக்கிறீர்கள். கோபம் வந்தது, மறைக்கவில்லை.

நான் கேட்பது கஷ்டமான காரியமில்லை. அட்டையின் பின்பக்கத்தையும் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து தொகுப்போடு போடுங்கள். யார் எந்தக் கருவி வாசித்தார்கள் என்று சொல்லுங்கள்: 1975-இல் வந்த கேபியின் குழுத் தொகுப்பில் அவருடைய மகன்கள், அட்டா ஐசக்ஸ், சில்லிங்வொர்த், வெளியிலிருந்து வந்த ரை கூடர் என்று ஒரு கூட்டமே வாசிக்கிறது, செயலியில் தெரிவது ஒரே ஒரு பெயர். பாட்டின் சொற்களை அந்த மொழி தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சரிபார்த்துப் போடுங்கள். குறிகளைத் திரும்ப வையுங்கள், தேடுபவர் குறி இல்லாமல் தட்டினாலும் கிடைக்கிற மாதிரி.

புத்தகம் கைவசம் இல்லை, குடோனில் தேட வேண்டும் என்றால் சொல்லுங்கள். என்னிடம் இருப்பதை, கழன்ற நடுத்தாள் உட்பட, ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பிஸ்கட் டப்பாவை இன்னும் பரணில் திருப்பி வைக்காத ஒரு ரசிகன்