கலாவின் கடிதம்

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி சுகம்.

எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆமாம்டி, இந்த வயதில்தான். பிறரோடு பழகுவதும், சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்குவதும் வேறு மாதிரி இருக்கும் மூளை வளர்ச்சி வித்தியாசம் அது. அக்கா மகனுக்கு இருப்பதாகச் சொன்னபோது நானும் கூடப் போயிருந்தேன். அவனைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மனசுக்குள் நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் இதைக் காட்டாது. முதலில் 50 கேள்விகள் கொண்ட ஒரு தாள். அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். அப்புறம் சைக்காலஜிஸ்டோடு நீண்ட பேச்சு. ஒரு படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்டார். சுவர்க்கடிகாரத்தில் மணி என்ன, ஜன்னலில் எத்தனை கம்பி என்றெல்லாம் சொன்னேன். "அந்த அம்மா முகம் எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்ட பிறகுதான் முகத்தையே பார்த்தேன்.

பெண்கள் பலருக்குச் சின்ன வயதில் இது தெரியாமலே போய்விடுகிறதாம். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி நடந்துகொள்ளப் பழகிவிடுகிறோமாம். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு வந்தால் மறுநாள் முழுக்க எனக்குப் பேச்சே வராது. வீட்டில் அதைத் திமிர் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆட்டிசம் நடுவில் வருவதில்லை, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். அதனால் அந்த வயதில் என்னைப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அம்மாவை அழைத்துப் போனேன். "தங்கமான பொண்ணு, ஒரு தொந்தரவும் கிடையாது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். தம்பி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், அந்தப் பயம். பழைய ரிப்போர்ட் கார்டுகளைக் காட்டலாம் என்றால், 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டோடு எல்லாம் ஊறிப்போயின.

அதனால் உன்னைக் கேட்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வேனா? விளையாட்டில் சேர்ந்துகொள்வேனா, ஓரமாக நிற்பேனா? காசிமேட்டில் படகு நம்பர்களை எழுதிவைத்த நோட்டு ஞாபகம் இருக்கிறதா? எனக்காகக் கூட்டி எழுத வேண்டாம். இல்லையென்றால் இல்லை என்றே எழுது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் வருகிறது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் திமிர் என்று பேர் வாங்கியது என்னவென்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

மாதக் கடைசியில் மறுபடி போகிறேன். அதற்குள் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அப்படியே சைக்காலஜிஸ்டிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
கலா