லிவாவுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வயல் தப்பிவிட்டது. மற்றப் புதினங்களை அக்கா சொல்லியிருப்பாள். உன் புதினத்தை எனக்குச் சொல்வதும் அவள்தானே.

லீவுக்கு நண்பர்களோடு லிவாப் பாலைவனத்துக்குப் போய், மணல்மேட்டில் பலகையில் நின்று சறுக்கப் போகிறாயாம். அபுதாபியிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேலாம். மொரீப் என்ற அந்த மேடு சுமார் 300 மீற்றர் உயரமாம். அக்கா படம் காட்டினாள். பலகையின் அடியில் மெழுகு தேய்ப்பார்கள் என்றதும், "நான் வாளுக்குத் தேய்ப்பதுதானே" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. பலகையையே அவர் சீவிக் கொடுத்தது போல!

எனக்கும் பெருமைதான். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்க ஊரே முல்லைத்தீவுக் கடலுக்குப் போனபோது, மணலில் கால் வைக்காமல் தார் ரோட்டிலேயே நின்ற பிள்ளை நீ. மீசை முளைத்த பிறகும் அப்படித்தான் நின்றாய். இப்போது மணலைத் தேடி நீயே போகிறாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காற்று அள்ளிவரும் மணல் மறுபக்கம் வழிந்து வழிந்துதான் அந்தச் சரிவு உண்டாகிறதாம். சறுக்குவதும் அந்தப் பக்கத்தில்தானாம். வழியும் மணலைப் பற்றி, கடைசிச் சண்டையில் மாத்தளன் கடற்கரையில் இருந்த உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். சறுக்கு, விழு, உடனே எழும்பிவிடு. கூட்டாளிகள் விளையாட்டுக்குக் குழி தோண்டி, கழுத்துவரை மூடிப் படம் எடுப்பார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதே. சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் நடந்தே மேலே ஏற வேண்டுமாம். உன் முழங்காலில் இருப்பது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மறந்துவிடாதே. வலித்தால் நிறுத்திவிடு. வாயை மூடிக்கொண்டு சறுக்கு. தண்ணீர் கொண்டு போ. மார்கழி இரவில் அங்கேயும் குளிருமாம், ஸ்வெட்டர் கொண்டு போ. குழிக்குள் படுக்காதே.

அண்ணாவின் திவசம் பங்குனியில் வருகிறது. போன வருடம் அன்றைக்கு நீ பேசவில்லை. அதற்கு முதல் வருடமும் பேசவில்லை. வேலை என்றாய்; சரி என்றேன்.

சறுக்கி முடித்துக் கீழே வந்ததும் போன் எடு. உங்கள் நேரத்துக்கு நாங்கள் ஒன்றரை மணித்தியாலம்தான் முந்தி. எவ்வளவு பிந்தினாலும் விழித்திருப்பேன். அக்காவுக்கு அல்ல, எனக்கு எடு.

அம்மா