எரிந்துபோன ரெசிஸ்டரும் ஒரு கைப்பிடி சருகும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. கட்டைப் பிரித்த மறுநாளே செய்தித்தாளைக் கேட்டார் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவருடைய குரலே காதில் கேட்டது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். உன் மகள் இயற்பியல் எடுத்திருக்கிறாள் என்பதிலும் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இந்தக் கடிதத்தில் அவளுக்கும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, படிக்கக் கொடு.

நான் நலம். முதுகுவலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கப் போகிறேன். பையன் வேலை மாறிவிட்டான். வேறு பெரிய செய்தி இல்லை.

அப்புறம், கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் காரைப் பற்றி எழுதியிருந்தாய். ஹீட்டர் விசிறி 1, 2, 3-இல் அசையவே இல்லை, 4-இல் வைத்தால் மட்டும் புயல் மாதிரி அடிக்கிறது, டேஷ்போர்டைக் கழற்றி மொத்த ஹீட்டரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று. நண்பா, அதற்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை என்றால் சொல்லாதே. இதே கோளாறு இரண்டு வருடத்துக்கு முன்னால் என் காருக்கு வந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை. இரண்டாவது முறைதான் எனக்கு விஷயமே புரிந்தது.

நம் ஹாஸ்டல் அறையில் சீலிங் ஃபேனுக்குச் சுவரில் ஒரு கறுப்பு ரெகுலேட்டர் பெட்டி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மழை நாளில் நீ ஈரக் கைக்குட்டையை அதன்மேல் போட்டுக் காயவைப்பாய். அந்தப் பெட்டி ஏன் அப்படிச் சுட்டது? விசிறியின் வேகத்தைக் குறைக்க, அதற்குப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை உள்ளே இருந்த கம்பிச் சுருள் சூடாக்கித் தீர்த்துக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் வைத்தால் சுருளுக்கு வேலை இல்லை, பெட்டி ஆறிவிடும். உன் காரிலும் அதே ஏற்பாடுதான். விசிறியைச் சுற்றும் ப்ளோயர் மோட்டாருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பாகம் இருக்கும். ரெசிஸ்டர் என்று கேட்டால் எந்த உதிரிபாகக் கடையிலும் தெரியும். 1-இல் வைத்தால் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடந்து போகும், 2-இல் ஒன்று குறையும், 3-இல் இன்னொன்று. 4-இல் சுருள் எதையும் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். உன் காரில் 4 மட்டும் வேலை செய்கிறது என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் ரெசிஸ்டரில்தான் பெரும்பாலும் வழி அறுந்திருக்கும்.

இன்னும் ஒன்று கவனி. 1 மட்டும், அல்லது 1, 2 மட்டும் போயிருந்தால் ஏதோ ஒரு சுருள் அறுந்தது எனலாம். 1, 2, 3 மூன்றும் ஒரே நாளில் போனது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் பெரும்பாலும் அந்தப் பாகத்திலேயே இருக்கும் சின்ன வெப்ப ஃப்யூஸ் போயிருக்கும், இல்லையென்றால் மூன்றுக்கும் பொதுவான சுருள் அறுந்திருக்கும், அல்லது அதில் செருகும் கனெக்டர், அதாவது வயர்களின் பிளாஸ்டிக் தலை, கருகியிருக்கும். வெப்ப ஃப்யூஸ் என்பது சூடு ஒரு அளவைத் தாண்டினால் உருகி வழியை அறுத்துவிடும் காவல்காரன். ஒரு முறை உருகினால் திரும்பச் சேராது.

நீ 1 முதல் 4 வரை படிகள் உள்ள குமிழைப் பற்றி எழுதியதால்தான் இதைச் சொல்கிறேன். தானாக வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளும் கார்களில் இந்தக் கம்பிச் சுருள் பொதுவாக இருக்காது, எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அதன் கதை வேறு. அதேபோல் காற்று நன்றாக வந்தும் சூடு வரவில்லை என்றால் கூலன்ட், தெர்மோஸ்டாட் பக்கம் பார்க்க வேண்டும். டேஷ்போர்டுக்குள்ளே டக் டக் என்று சத்தம் வந்தால் காற்றின் வழியைத் திருப்பும் கதவின் மோட்டாரில் பல் போயிருக்கலாம். உன்னுடையது இவை எதுவும் இல்லை.

என் காரில் ரெசிஸ்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்தது. முதலில் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். ஏர்பேக் உள்ள கார் என்றால் அதற்குப் பிறகும் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திரு. ரேடியோவுக்குக் கோட் எண் கேட்கும் கார் என்றால் எண்ணை முதலிலேயே தேடி வைத்துக்கொள். கிளவ் பாக்ஸைக் காலி செய்து, ஓரத் திருகுகளைக் கழற்றியதும் அது கையோடு வந்தது. உள்ளே காற்றுக் குழாயின் சுவரில் இரண்டு திருகு, ஒரு கனெக்டர். அவ்வளவுதான். டேஷ்போர்டில் கை வைக்கவே இல்லை. வண்டி ஓட்டிவிட்டு உடனே தொட்டுவிடாதே, சுருள் நன்றாகச் சுடும். கழற்றிப் பார்த்தால் பாகத்தின் முக்கால்வாசி காற்றுக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சுருளை அந்தக் காற்றுதான் குளிர்விக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்தேன். இங்கே ஒரு நுணுக்கம்: சுருள்களின் மின்தடை ஓரிரு ஓம்தான் இருக்கும். அதனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் அளவிலிருந்து அதைக் கழி. ரெசிஸ்டரில் கனெக்டர் செருகும் உலோக முட்களில், பொதுவான முள்ளிலிருந்து மற்ற எந்த முள்ளுக்கும் இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டியது. சுருள்கள் தனித்தனியாக நன்றாகவே இருந்தன. வெப்ப ஃப்யூஸ்தான் திறந்துகிடந்தது. புது ரெசிஸ்டர் வாங்கி மாட்டினேன், நான்கு வேகமும் வந்தன. ஒரு மணி நேர வேலை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. அப்போது ஒரு விடிகாலை, வெளியே நல்ல குளிர். கண்ணாடி முழுக்க உட்புறமாக ஆவி படிந்து, எதிரே வரும் வண்டியின் விளக்கு வெறும் மஞ்சள் திட்டாகத் தெரிந்தது. 4-இல் வைத்தால் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அணைத்தால் கண்ணாடி மூடிக்கொள்ளும். வண்டியை ஓரம் கட்டி நின்றுவிட்டேன். ஹீட்டர் விசிறி என்பது சொகுசுக்கு மட்டும் இல்லை, அது இல்லாமல் பாதையே தெரியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நீ அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்வரும் வண்டி இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் தடவை புதுப் பாகத்தை வாங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். நல்ல பாகம் இரண்டு மாதத்தில் ஏன் செத்தது? கனெக்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு துளையைச் சுற்றி மட்டும் தேன் நிறம் படர்ந்து, நடுவில் கறுத்து, லேசாக உருகி இளகியிருந்தது. உள்ளே இருந்த பித்தளைப் பிடிப்பு இறுக்கம் போய் ஆடியது. கருகின பிளாஸ்டிக் வாசனை இன்னும் இருந்தது. முதல் தடவையே அது தொடங்கியிருக்கும். நான் கவனிக்கவில்லை.

உன் மகளுக்காக ஒரு கணக்கு. இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் இருக்கும். விசிறி 1-இல் என் மோட்டார் நல்ல நிலையில் 3.5 ஆம்பியர் எடுக்கிறது, 7 வோல்ட் மோட்டாருக்கு, 7 வோல்ட் ரெசிஸ்டருக்கு. பெருக்கினால் ரெசிஸ்டரில் 24.5 வாட். நாம் ரேடியோவுக்கு ஈயம் வைத்த அந்தச் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது ஒரு சால்டரிங் அயர்ன் 1-இல் ஓடும் நேரமெல்லாம் காற்றுக் குழாய்க்குள் எரிந்துகொண்டிருக்கிறது, காற்று அதைத் தணித்துக்கொண்டிருக்கிறது. இப்போது மோட்டார் சுற்றச் சிரமப்பட்டால் என்ன ஆகும்? வேகம் குறைய குறைய மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். மின்சாரம் இரண்டு மடங்கானால் சுருளின் சூடு நான்கு மடங்காகும். அதே நேரம் காற்றும் குறைந்துவிடுகிறது. சூடு ஏறுகிறது, தணிக்க ஆள் இல்லை. கனெக்டரிலும் இதுதான் நடக்கிறது. தளர்ந்த பிடிப்பில் 0.1 ஓம் மட்டும் சேர்ந்தாலும் 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22.5 வாட். இன்னொரு சால்டரிங் அயர்ன், காற்றே படாத பிளாஸ்டிக்குக்குள்ளே!

ஆக, ரெசிஸ்டர் குற்றவாளி இல்லை. அடி வாங்கியது அது, அடித்தது மோட்டார்.

மோட்டாரைக் கழற்றினேன். கீழிருந்து மூன்று திருகு, ஒரு கனெக்டர், முழுசாகக் கையில் வந்தது. உருளை மாதிரி இருக்கும் விசிறிச் சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே ஒரு கைப்பிடி சருகு, காய்ந்த விதைகள், ஒரு சிறு இறகு. வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று நுழைவாயில் வழியாக வந்திருக்கிறது. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைத் தொட்டு எத்தனை வருடமோ, பழுப்பேறி அட்டை மாதிரி விறைத்திருந்தது. சருகையெல்லாம் எடுத்துவிட்டு விரலால் சுண்டிவிட்டேன். அரைச் சுற்றில் நின்றது. தண்டை அசைத்தால் ஆடியது. நல்ல மோட்டார் சுண்டிவிட்டால் சில சுற்று தானாகச் சுற்ற வேண்டும். எடை ஒரு பக்கம் சாய்ந்த சக்கரம் பல மாதம் சுற்றிச் சுற்றி, தண்டைத் தாங்கும் புஷ்ஷைத் தின்றுவிட்டது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். புது மோட்டார் போட்டேன். முழு வேகத்தில் பழையது 21 ஆம்பியர் இழுத்தது, புதியது 15. டிசி மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். முழு வேகத்தில் ரெசிஸ்டருக்கு வேலை இல்லை, ஆனால் குறைந்த வேகங்களிலும் மோட்டார் இப்படி அதிகமாக இழுத்ததுதான் என் ரெசிஸ்டரைக் கொன்றது.

கனெக்டருக்கு வயரோடு வரும் புதுத் தலை கிடைக்கிறது. பழையதை ஒரேயடியாக வெட்டிவிடாதே. ஒரு வயரை வெட்டு, சேர்த்து முடி, அப்புறம் அடுத்தது. அப்போது மாறிப்போகாது. வெட்டும் முன் ஒரு படம் எடுத்துக்கொள். பழைய வயரின் தடிமனுக்குக் குறையாத வயராக இருக்கட்டும், இறுக்கமாக அழுத்திச் சேர்த்து மேலே சூட்டில் சுருங்கும் உறையைப் போடு. டேப் சுற்றுவதோடு விட்டுவிடாதே, சூட்டில் பசை இளகி அவிழும்.

இரண்டு காரியம் மட்டும் யார் சொன்னாலும் செய்யாதே. வெப்ப ஃப்யூஸுக்குக் குறுக்கே வெறும் வயரைப் போட்டு ஈயம் வைத்துவிடலாம் என்பார்கள். நான்கு வேகமும் அந்த நிமிடமே வந்துவிடும், உண்மைதான். ஆனால் அடுத்து உருகப்போவது ஃப்யூஸ் அல்ல, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக். காருக்குள் தீப்பிடிக்க அது போதும். இன்னொன்று, ஃப்யூஸ் பெட்டியில் 20 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி எரிந்துபோகிறது என்று 30 ஆம்பியர் போடுவது. அதுவும் அதே தப்பு. வெப்ப ஃப்யூஸை மட்டும் தனியாக மாற்றலாம் என்று உனக்குத் தோன்றும், உன் கை அப்படி. செய்யலாம், ஆனால் ஈயம் வைக்கும் சூட்டிலேயே புது ஃப்யூஸ் உருகிவிடும். ஃப்யூஸின் கம்பிக் காலைக் குறடால் பிடித்துச் சூட்டை உறிஞ்சவிட்டு வைக்க வேண்டும், அதே வெப்பநிலைக்கு உரிய ஃப்யூஸாகவும் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முழுப் பாகமாகவே வாங்கிவிடு.

இப்போது இரண்டாவது குளிர்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1-இல் வைத்தால் விசிறி ஓடுவதே தெரியவில்லை, கண்ணாடி மட்டும் கீழிருந்து மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே மேலே போகும். தினமும் காலையில் அதைப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம். ஃபில்டரை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன், வைப்பருக்குக் கீழே சேரும் சருகைக் காரைக் கழுவும்போதெல்லாம் பொறுக்கிவிடுகிறேன்.

கருகிய இரண்டு ரெசிஸ்டரையும் தூக்கிப் போடவில்லை. சுருள், வெப்ப ஃப்யூஸ், முட்கள் எல்லாம் வெளியே தெரியும், உன் மகள் கையில் வைத்து அளந்து பார்க்கட்டும். இந்தக் கடிதத்தோடு ஒன்றைத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். ஓம் விதியைப் பாடத்தில் படிப்பதோடு அதையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தால் நல்லது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கு. எதையும் வாங்கும் முன் கனெக்டரைப் படம் எடுத்து அனுப்பு, நானும் பார்க்கிறேன். மோட்டாரைக் கழற்றினால் விரலால் சுண்டிவிட்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்றும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்