மேசையில் படுக்கவைத்த பிறகு கேட்காதீர்கள்

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் எண்டோஸ்கோபிப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் அக்காவுக்கு உங்கள் பிரிவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபிப் பரிசோதனை பாதியில் நின்றதற்கு "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.

அக்கா நீங்கள் சொன்னபடி இரவிலிருந்து பட்டினி கிடந்து, நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தவர். தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே அடித்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்த பிறகுதான் அவரிடம் கேட்டிருக்கிறார்கள்: "மயக்க ஊசி வேணுமாம்மா? கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" தனியாகத்தான் வந்தேன் என்றிருக்கிறார். "அப்போ போட முடியாது. அஞ்சு நிமிஷம்தான், பொறுத்துக்கோங்க." குழாய் தொண்டைக்குள் இறங்கியதும் குமட்டலில் மூச்சடைப்பதுபோல் ஆகி, நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கிறார். அந்தக் கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். கடைசியில் அவரே குழாயைப் பிடித்து இழுக்கப்போகத்தான் நிறுத்தினீர்கள். வயிற்று வலிக்குக் காரணம் இன்றுவரை தெரியவில்லை. மறுபடி போகலாம் என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

துணைக்கு ஆள் வேண்டும் என்ற விதியில் எனக்குக் குறையே இல்லை. மிடசோலம் என்ற மயக்க ஊசி போட்டவர் தெளிவாகப் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் மருத்துவர் சொன்னது எதுவும் நினைவில் தங்காமல் போகலாம். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவோ முக்கியமான தாள்களில் கையெழுத்துப் போடவோ கூடாது. சரியான விதிதான். அதை நேரம் குறித்த அன்றே சொல்லியிருந்தால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்திருப்பேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி எழுதிய சீட்டில் இந்த ஒரு வரிக்கும் இடம் இருந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான்: மயக்க ஊசி உண்டு, அது வேண்டுமென்றால் துணையோடு வர வேண்டும் என்பதை நேரம் குறிக்கும் நாளிலேயே சொல்லுங்கள்.

ஊசியில் ஆபத்து உண்டு என்பீர்கள். உண்மைதான். மூச்சு மந்தமாகலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். மிடசோலத்தின் வேகத்தை முறிக்க ஃப்ளூமாசெனில் என்ற மருந்து இருக்கிறது. புரோபோஃபோல் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கு அப்படி ஒரு முறிமருந்து கிடையாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், வயதானவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இதையெல்லாம் விசாரிப்பதற்காகவாவது முன்கூட்டியே பேச வேண்டாமா? அப்படிப் பேசும்போது, ஊசியே வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். ஸ்ப்ரேயோடு சமாளித்துவிட்டு, சீக்கிரமே தனியாக வீடு திரும்புபவர்கள் நிறையப் பேர். மூக்கு வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாயில் குமட்டல் குறைவு என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எது வேண்டும் என்று யோசித்து முடிவு செய்ய நோயாளிக்கு அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

இது எண்டோஸ்கோபியோடு நிற்கும் விஷயமும் இல்லை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போனதும் பதறுபவருக்கும், கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் வைக்கும்போது வலியில் துடிக்கும் பெண்ணுக்கும், தையல் போடும்போது நான்கு பேர் அமுக்கிப் பிடிக்கும் குழந்தைக்கும் "ஒண்ணும் ஆகாது" என்ற அதே பதில்தான் கிடைக்கிறது. ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று 1846-லேயே ஊரறியக் காட்டிவிட்டார்கள். அதற்கு முன்பு நோயாளியைப் பிடித்து அழுத்தியவர்களுக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. பயப்படுகிறவரைக் கோழை என்றும் முரண்டு பிடிப்பவர் என்றும் குறிப்பெழுதும் வழக்கம் எப்போது மாறும்?

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். நேரம் குறிக்கும் நாளிலேயே சொல்லுங்கள். சீட்டில் அச்சடியுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். பரிசோதனை தொடங்கும் முன், கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று சொல்லுங்கள், தூக்கினால் நிறுத்தவும் செய்யுங்கள். அக்காவுக்கு அடுத்த தேதி கொடுப்பதற்கு முன் உங்கள் மருத்துவர் ஒருவர் அவரிடம் கொஞ்ச நேரம் பேசினால், அவர் வரச் சம்மதிப்பார் என்று நம்புகிறேன். துணைக்கு நான் வருகிறேன்.