கூரை போன பிறகும் கட்டிய தவணை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஊரில் புது விளையாட்டு அரங்கத்துக்கு வரிப்பணம் கொடுப்பது பற்றி ஓட்டெடுப்பு வருகிறதே, என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். அரங்கம் வந்தால் வேலை பெருகும் என்ற கணக்கை விட்டுத்தள்ளு. உள்ளூர்க் குடும்பம் அரங்கத்தில் செலவழிக்கும் காசில் பெரும்பகுதி, இல்லாவிட்டால் அதே ஊரில் ஓட்டலுக்கோ சினிமாவுக்கோ போயிருக்கும் காசுதான். நீ பார்க்கவேண்டியது அரங்கம் கட்ட நகரம் கடன் வாங்கும் கடன்பத்திரமும், அதை அணிக்கு விடும் குத்தகையும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிங்டோம் என்ற விளையாட்டு அரங்கம் 1976-இல் பொதுப்பணத்தில் திறக்கப்பட்டது, செலவு 6.7 கோடி டாலர். கான்கிரீட் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. 1994 ஜூலையில், ரசிகர்களை உள்ளே விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் ஊறிய நான்கு கூரைப் பலகைகள் இருக்கைகள்மேல் விழுந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 கிலோ. பழுதுபார்க்க மறுபடி கடன். 2000 மார்ச் 26-இல் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடன் அடைந்தது 2015-இல்! இல்லாத கட்டடத்துக்கு 15 வருஷம் ஓட்டல் அறை வரியிலிருந்து தவணை போனது.

அமெரிக்காவின் 1986 வரிச்சட்டத்தையும் தெரிந்துகொள். இப்படிப்பட்ட அரங்கத்தின் கடன்பத்திர வட்டிக்கு வரிவிலக்கு நிற்கவேண்டுமானால், தவணையில் 10 சதவீதத்துக்கு மேல் அரங்க வருமானத்திலிருந்து வரக்கூடாது. அதனால் நகரம் அணியிடம் சொற்ப வாடகை வாங்கிக்கொண்டு, மீதியை மக்கள் தலையில் கட்டுகிறது. இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

குத்தகையில் "உயர்தரம்" என்ற சொல்லைத் தேடு. செயின்ட் லூயிஸ் நகரில் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் 1995 குத்தகையில், 2015-இல் அரங்கம் தரத்தில் லீக் அரங்கங்களின் முதல் கால்பங்குக்குள் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தத் தரத்துக்கு ஏற்றிக்கொடுக்கவில்லை. 2016-இல் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது.

நல்ல முன்மாதிரியும் சியாட்டிலிலேயே இருக்கிறது. 1962-இன் பழைய கூரையைத் தாங்கிப் பிடித்து, அடியில் தோண்டி, 2021-இல் திறந்த கிளைமேட் பிளெட்ஜ் அரங்கம். நூறு கோடி டாலருக்கு மேல் ஆன செலவைத் தனியார் போட்டார்கள். கட்டடமும் நிலமும் நகரத்துக்கே சொந்தம்.

ஓட்டுப் போடுமுன் குத்தகையின் முழு நகலை நகரமன்ற அலுவலகத்தில் கேட்டு வாங்கு. குத்தகைக் காலம் கடன் தீரும் வரை நீள்கிறதா, திட்டத்தை மீறும் செலவு யார் தலையில், கூரையும் லிஃப்டும் குளிர்சாதனமும் பழுதானால் யார் பணம் என்று பார். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் 'வேண்டாம்' என்று போடு.

அன்புடன்,
அண்ணன்