ஓணானுக்கும் வெயில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வளர்த்தவர் கைவிட்ட தாடி ஓணான் ஒன்று சென்ற ஆண்டு என்னிடம் வந்தபோது, அதன் கீழ்த்தாடை ரப்பர்போல் வளைந்தது. உரியாமல் நின்ற பழைய தோல் விரல்களை நூலாய் இறுக்கியிருந்தது. கண்ணாடிப் பெட்டி சன்னலோரம் இருந்ததால் வெயிலுக்குக் குறைவில்லை என்று அவர் நம்பியிருந்தார்; ஆனால், கால்சியத்தை உடல் ஏற்க உதவும் வைட்டமின் டி3 தோலில் உருவாவதற்குத் தேவையான, 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுகிறது. மெலிந்த உயிரைக் கண்டதும் ஊட்டிவிடத்தான் கை பரபரக்கும் (எனக்கும் பரபரத்தது). குளிர்ந்த உடலில் இரை செரிக்காது என்பதால், முதலில் வெப்பம், அடுத்து நீர், பிறகே உணவு என்றார் கால்நடை மருத்துவர். எலும்பு இறுகிய பின்னும் முன்கால் கோணலாகவே இருக்கிறது. வெயிலுக்கு மாற்றாகப் பெட்டியில் வைக்கும் புற ஊதா விளக்கு, வெளிச்சம் தந்துகொண்டிருக்கும்போதே புற ஊதாக் கதிரில் வலுவிழக்கும் என்பதையாவது விற்பவர்கள் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்